விண்டோஸ் 11-க்கு மாறுவதா, 10-லேயே இருப்பதா: பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சாயந்தரமும் ஞாயிற்றுக்கிழமையும் கணினி பழுது பார்க்கிறேன், பகலில் வேறு வேலை. 2025 அக்டோபரிலிருந்து என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பழுதோடு வரவில்லை, ஒரே கேள்வியோடு வருகிறார்கள். மளிகைக்கடை அண்ணன் ஒருவர் தன் மானிட்டரைத் தட்டிக் காட்டி, “தம்பி, பொட்டி நல்லா ஓடுதுலா, அப்புறம் ஏன் மாத்து மாத்துன்னு மெசேஜ் வருது?” என்று கேட்டார். அவருக்கு நின்றுகொண்டே சொன்ன பதில் பாதிதான். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்ன நடந்தது என்பது. விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. மைக்ரோசாஃப்ட் அதற்குக் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதனால் கணினி நின்றுபோகாது, ஃபைல் அழியாது, லைசென்ஸும் செல்லாமல் போகாது. நின்றது மாதாமாதம் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். ‘மட்டும்தான்’ என்று சொன்னாலும் அது சின்ன விஷயமில்லை. 10-க்கும் 11-க்கும் உள்ளே ஓடுகிற நிரலில் பெரும்பகுதி ஒன்றே. 11-இல் ஒரு ஓட்டையை அடைத்தால், அந்தத் திருத்தத்தைப் பிரித்துப் பார்க்கிறவனுக்கு 10-இல் எந்த இடத்தில் கைவைக்கலாம் என்பது தெரிந்துவிடும். மாதம் போகப் போக இது கூடிக்கொண்டே போகும்.

ஆனால் பயமுறுத்துகிறவர்கள் சொல்லாத சில சங்கதிகளும் உண்டு. விண்டோஸில் கூடவே வரும் டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும். மைக்ரோசாஃப்ட் 365 வாங்கியிருந்தால் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் 10 வரை உண்டு. (ஆஃபீஸ் 2016, 2019 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அதே 2025 அக்டோபர் 14-லேயே முடிந்துவிட்டது, இது பலருக்குத் தெரியவில்லை.) என்னைக் கேட்டால், கடைசியில் கழுத்தைப் பிடிப்பது பிரவுசர்தான். விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது, குரோம் அதைக் கைவிட்டது 2023-இல். பேங்க், ஈ-ஃபைலிங், பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலை என்று எல்லாமே பிரவுசருக்குள் நடக்கிற காலத்தில், பிரவுசர் புதுப்பிப்பு நின்ற கணினியை இணையத்தில் விடவே கூடாது.

சரி, இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் படி: கணினியைத் தொடாதீர்கள், மேசையைப் பாருங்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள் ‘உங்கள் கணினி தகுதியானதா’ என்று ஆரம்பிக்கும். நான் பிரிண்டரில் ஆரம்பிக்கிறேன். கணினி தகுதியாக இருந்து மாற்றியபிறகு பில் அடிக்க முடியாமல் திரும்பி வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு தாளை எடுத்து, அந்தக் கணினியில் நீங்கள் நம்பியிருப்பதில் ஆகப் பழையது எது என்று எழுதுங்கள். பிரிண்டர், ஸ்கேனர், கணக்கு மென்பொருள், கைரேகை மெஷின், மென்பொருளோடு கொடுத்த யூஎஸ்பி பூட்டு, எதுவானாலும் சரி. அந்தப் பழைய பொருள் எங்கே ஓடும் என்பதுதான் உங்கள் முடிவைப் பாதி தீர்மானிக்கும்.

மளிகைக்கடை அண்ணன் கதையையே பார்க்கலாம். அவர் கடையில் ஊசி பிரிண்டர், கார்பன் வைத்த மூன்று தாள் பில், வெள்ளை கடைக்கு, மஞ்சள் வாடிக்கையாளருக்கு, ரோஸ் கிராணி (கணக்கெழுதுபவர்) கணக்குக்கு. பில் அடிக்கிற மென்பொருள் தொண்ணூறுகளில் யாரோ எழுதிக் கொடுத்தது, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்ற இடத்தைத் திறந்து பார்த்தேன், விண்டோஸ் 10 தான், ஆனால் 32-பிட் என்ற பழைய வகை. விஷயம் அங்கேதான் இருந்தது. அந்த மென்பொருள் 16-பிட், அது 32-பிட் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், 64-பிட்டில் ஓடாது. விண்டோஸ் 11-க்கோ 32-பிட் பதிப்பே கிடையாது. ஆக அவருடைய ‘மாறலாமா’ என்ற கேள்விக்கு டிபிஎம் (11 கேட்கிற பாதுகாப்புச் சிப்), சிபியூ எதையும் பார்க்காமலேயே ஒரு பதில் கிடைத்துவிட்டது: அந்தப் பெட்டியில், அந்த மென்பொருளோடு, முடியாது. ஒன்று மென்பொருளை மாற்ற வேண்டும், இல்லையென்றால் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு இணையத்தை அறுக்க வேண்டும்.

உங்களுடையது 64-பிட்டாக இருந்தால் இந்தச் சிக்கல் வராது. விண்டோஸ் 10 64-பிட்டில் ஓடுகிற மென்பொருள் 11-லும் பெரும்பாலும் ஓடும். பிரிண்டருக்கு மட்டும் அதன் மாடல் எண்ணைத் தேடி, தயாரித்த நிறுவனத்தின் பக்கத்தில் விண்டோஸ் 11 டிரைவர் (பிரிண்டரை ஓட்டும் மென்பொருள்) இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10 64-பிட் டிரைவர் இருந்தாலே பல சமயம் போதும்.

பழைய தமிழ் எழுத்துரு விஷயத்தில் கொஞ்சம் நில்லுங்கள்

இதை வேறு மொழிக்காரர்கள் எழுதமாட்டார்கள், அதனால் நீட்டி எழுதுகிறேன். யூனிகோடு (எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொது முறை) வருவதற்கு முன்பே நம் நாட்டில் தமிழில் தட்டியவர்கள் நிறைய. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறனே மலேசியர்தான். கோயில் கமிட்டி அழைப்பிதழ், தமிழ்ப்பள்ளி ஆண்டறிக்கை, சங்கக் கூட்டக் குறிப்பு என்று எத்தனையோ பழைய எழுத்துருக்களில் தட்டப்பட்டு இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன. அந்த ஃபைல்களுக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்த தமிழ் உருவங்கள். எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும், போய்விட்டால் ஆங்கில எழுத்துக்குத் தொப்பியும் மீசையும் வைத்த மாதிரி ஒரு கிறுக்கல்தான் மிஞ்சும்.

நானே இதில் மாட்டினேன். அப்பா தோட்டத்து ஆபீஸில் கிராணியாக இருந்தவர், ஓய்வுக்குப் பிறகு கோயில் கணக்கும் கடிதமும் அவர் கையில்தான். அவர் கணினியைத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் போட்டேன், டாக்குமெண்ட் எல்லாவற்றையும் பத்திரமாக நகல் எடுத்துவிட்டுத்தான் போட்டேன், எழுத்துருவை மட்டும் எடுக்கவில்லை. மறுநாள் அப்பா ஒரு கடிதத்தைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை, “இது என்ன பாஷைப்பா?” என்று மட்டும் கேட்டார். அந்த எழுத்துரு ஈப்போவில் சித்தப்பா வீட்டு அலமாரியில் ஒரு பழைய சீடியில் கிடைக்கும்வரை எனக்குத் தூக்கமில்லை.

அதனால் இரண்டு வேலை செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பழைய தமிழ் எழுத்துருக்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அப்புறம் முக்கியமான ஆவணங்களை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றுங்கள், அதற்கென்றே இலவச மாற்றிகள் இருக்கின்றன. இதற்கு அவசரமில்லை, ஆனால் எழுத்துருவை எடுத்து வைப்பதற்கு அவசரம் உண்டு. எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு மேலேயே 11-ஐ ஏற்றினால் எழுத்துரு பொதுவாகப் போகாது, துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் நிச்சயம் போகும்.

இரண்டாம் படி: கணினி தகுதியானதா

மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற சின்னக் கருவி ஆமாம் இல்லை என்று சொல்லிவிடும். ஆனால் அது ‘இல்லை’ என்று சொன்னதும் கணினியைத் தூக்கிப் போடப் போகாதீர்கள், ஏன் இல்லை என்று பாருங்கள்.

சிபியூதான் முதல் கேள்வி. இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையிலிருந்து மேலே. பெயரில் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள்: ஐ5-7400 என்றால் ஏழு, ஐ5-8400 என்றால் எட்டு, ஐ5-10400 என்றால் பத்து. ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து, ஆனால் அதிலும் ஒரு குழி இருக்கிறது. ரைசன் 2200ஜி, 2400ஜி இரண்டும் பெயரில்தான் 2000, உள்ளே முதல் தலைமுறைக் கட்டமைப்பு, அதனால் பட்டியலில் இல்லை. சிபியூ பட்டியலில் இல்லையென்றால் மற்றதைப் பார்த்துப் பயனில்லை, நேராக மூன்றாம் படிக்குப் போங்கள்.

அடுத்தது டிபிஎம் 2.0. விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வருகிற கட்டத்தில் ஆங்கிலத்தில் டிபிஎம், ஒரு புள்ளி, எம்எஸ்சி என்று தட்டினால் இருக்கிறதா இல்லையா என்று காட்டும். இல்லை என்று காட்டினாலும் நம்பிவிடாதீர்கள். 8-ஆம் தலைமுறைக்கு மேற்பட்ட பல கணினிகளில் அது சிபியூவோடு சேர்ந்தே இருக்கும், பயாஸில் (விண்டோஸ் எழும்பும் முன் திறக்கிற கணினியின் அமைப்புத் திரை) அணைத்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். இன்டெல்லில் பிடிடி என்ற பெயரிலும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் இருக்கும், போய்த் திறந்துவிட வேண்டும். போன மாதம் ஒரு டியூஷன் டீச்சர் புதுக் கணினியே வாங்கத் தயாராக வந்திருந்தார். இந்த ஒரு வரியை மாற்றியதும் பழையதே தகுதியாகிவிட்டது. பயாஸில் கைவைக்கும் முன் ஒன்று: கணினியில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் போட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் எதையாவது மாற்றிவிட்டுத் திரும்பினால் அது சாவி கேட்கலாம், சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பதை யாராலும் எடுத்துத் தர முடியாது.

மூன்றாவது, கணினி எழும்பும் விதம். அதே கட்டத்தில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் தட்டினால் வருகிற பட்டியலில் பயாஸ் மோட் என்ற வரி இருக்கும். அதில் யூஇஎஃப்ஐ என்றால் நல்லது, அதுதான் புது முறை. லெகசி என்றால் டிஸ்க் பெரும்பாலும் பழைய எம்பிஆர் முறையில் இருக்கும், அதை ஜிபிடி-க்கு மாற்றிய பிறகுதான் 11 எதிர்பார்க்கிற செக்யூர் பூட் (எழும்பும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் விடும் காவல்) பக்கம் போக முடியும். எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது, ஃபைலை அழிக்காமல் மாற்றித் தரும். டிஸ்க்கில் முதன்மைப் பகுதிகள் மூன்றுக்கு மேல் இருந்தால் அது ஒத்துக்கொள்ளாது. மாற்றி முடித்ததும் பயாஸில் லெகசியை யூஇஎஃப்ஐ ஆக்க மறந்துவிட்டு, கணினி செத்துப்போனது என்று தூக்கிக்கொண்டு வந்தவர் ஒருவர் உண்டு. நீங்களே செய்யப் பயமாக இருந்தால், இந்த ஒன்றை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள்.

ரேம் 4 ஜிபி, டிஸ்க் 64 ஜிபி போதும் என்பது கம்பெனிக் கணக்கு. என் கணக்கு 8 ஜிபி, அதோடு எஸ்எஸ்டி கட்டாயம். சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க்கில் 11-ஐ ஏற்றிவிட்டு, பசியாறிவிட்டு வந்தாலும் திரை எழும்பியிருக்காது. கையில் இருக்கிற காசு கொஞ்சம்தான் என்றால் அதை எஸ்எஸ்டியில் போடுங்கள், அது 10-லேயே இருந்தாலும் உதவும்.

மூன்றாம் படி: மூன்று வழியில் ஒன்று

கணினி தகுதி, பழைய பொருளும் ஓடும் என்றால் மாறிவிடுங்கள். 10-இன் லைசென்ஸ் இருந்தால் 11 இலவசம், காசு கேட்கிறவரிடம் அவர் கைவேலைக்கு மட்டும் கொடுங்கள். ஸ்டார்ட் பொத்தான் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும், செட்டிங்ஸில் இடப்பக்கம் கொண்டுவரலாம். வலது கிளிக்கில் பழைய பட்டியல் இன்னொரு கிளிக் தள்ளிப் போயிருக்கும், அது எனக்கு இன்றுவரை எரிச்சல்தான்.

கணினி தகுதியில்லை, ஆனால் வேலை செய்கிறது, மாற்றக் காசில்லை அல்லது இப்போது நேரமில்லை என்றால் அவகாசம் வாங்கலாம். ஈஎஸ்யூ என்ற நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். இந்த வழியைத்தான் பலர் கவனிக்கவில்லை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் சேர்வதற்கான இணைப்பு தெரியும். 30 அமெரிக்க டாலர் கட்டலாம், ரிவார்ட்ஸ் புள்ளி 1,000 இருந்தால் அதைக் கொடுக்கலாம், இரண்டும் வேண்டாம் என்றால் விண்டோஸ் பேக்கப் வழியாக உங்கள் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்தால் காசே இல்லை. எந்த வழியானாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும், விண்டோஸ் 10-உம் 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும். முன்பு சொன்ன விண்டோஸ் விசை, ஆர் கட்டத்தில் வின்வெர் என்று தட்டினால் பதிப்பு தெரியும். சேர்ந்த அன்றே காலண்டரில் செப்டம்பர் மாதத்தை வட்டமிட்டு வையுங்கள். அவகாசம் வாங்கிவிட்டு மறந்துபோனால், வாங்காததற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

மூன்றாவது, லினக்ஸ், அதாவது விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச இயங்குதளம். பிள்ளை யூடியூப் பார்க்கிறது, பெரியவர் பேப்பர் படிக்கிறார், எப்போதாவது ஒரு கடிதம், எல்லாம் பிரவுசரில்தான் என்றால் லினக்ஸ் மின்ட்டைத் தாராளமாகப் போடலாம். இப்போதைய 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு, 2 ஜிபி ரேமிலும் எழும்பும், தமிழ் 99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம். இதில் எனக்குப் பிடித்தது, பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். விண்டோஸுக்கென்று எழுதிய கணக்கு மென்பொருள் இருந்தால் இந்தப் பக்கமே வராதீர்கள்.

நாலாவது வழி ஒன்றும் பையன்கள் சொல்வார்கள்: தகுதியில்லாத கணினியில் சோதனையைத் தாண்டி 11-ஐ ஏற்றுவது. முடியும், நானே செய்திருக்கிறேன். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை, வருடாந்திரப் பெரிய பதிப்புகளைக் கையால்தான் ஏற்ற வேண்டியிருக்கும், ரொம்பப் பழைய சிபியூக்களில் 24எச்2 பதிப்பும் அதற்குப் பின் வந்தவையும் எழும்பவே எழும்பாது. விளையாடுகிற பையன் கணினிக்குச் சரி. சம்பளக் கணக்கு இருக்கிற கணினிக்கு நான் செய்து தரமாட்டேன்.

நான்காம் படி: மாறுகிற நாள்

நாள் பார்க்க வேண்டும், பஞ்சாங்கத்தில் இல்லை. வருமான வரிக் கணக்கு சமர்ப்பிக்கிற வாரம் வேண்டாம்: சம்பளக்காரர்களுக்கு ஏப்ரல் 30, வியாபாரம் உள்ளவர்களுக்கு ஜூன் 30. தீபாவளிக்கு முந்திய வாரம் கடைக்காரர்களுக்கு வேண்டாம். அப்புறம், காலையில் ஆரம்பியுங்கள். நம் பக்கம் மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்தால் இடி நிச்சயம், ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யூபிஎஸ் இருந்தால் போடுங்கள், மடிக்கணினி என்றால் சார்ஜரில் வையுங்கள்.

முந்திய நாளே ஃபைல்களை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகவே கணக்கில் வைப்பதில்லை. சி டிரைவில் ஒரு 30 ஜிபி காலியாக இருக்கட்டும். விண்டோஸ் அப்டேட்டில் 11 காட்டினால் அங்கேயே அழுத்தலாம், இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் இன்ஸ்டலேஷன் அசிஸ்டென்ட் கிடைக்கும். பல ஜிபி இறங்கும், போன் ஹாட்ஸ்பாட்டில் செய்யாதீர்கள். வீட்டில் லைன் சரியில்லை என்றால் என்னை மாதிரி யாரிடமாவது பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். பென் டிரைவிலிருந்து ஏற்றும்போது ‘எதை வைத்துக்கொள்வது’ என்று ஒரு கேள்வி வரும், அதில் ஃபைல்களும் ஆப்களும் இரண்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் ‘எதுவும் வேண்டாம்’ என்பதை அழுத்திவிட்டு அழுதவர்கள் உண்டு.

ஐந்தாம் படி: முதல் பத்து நாள்

மாறியபின் பத்து நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் ரெக்கவரி பக்கத்துக்குப் போய் பழைய 10-க்கே திரும்பலாம். அந்தப் பத்து நாளும் பழைய விண்டோஸ் சி டிரைவில் விண்டோஸ் ஓல்ட் என்ற ஃபோல்டரில் படுத்திருக்கும். இடத்தை அடைக்கிறது என்று அதை அழித்துவிட்டால் திரும்பும் வழியும் போச்சு. பத்து நாள் போதாது என்று தோன்றினால், அந்தப் பத்து நாளுக்குள்ளேயே விண்டோஸிலேயே இருக்கிற டிஐஎஸ்எம் என்ற கட்டளையால் 60 நாள் வரை நீட்டலாம், கடைக்காரர்களுக்கு நான் அதைச் செய்துவிட்டுத்தான் கணினியைக் கொடுக்கிறேன். மாதக் கடைசிக் கணக்கு ஒரு தடவையாவது ஓடினால்தானே எது உடைந்திருக்கிறது என்று தெரியும்?

அதனால் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் வேண்டுமென்றே ஒரு முறை செய்து பாருங்கள். ஒரு பில் அடியுங்கள், ஒரு பக்கம் ஸ்கேன் செய்யுங்கள், பழைய தமிழ்க் கடிதம் ஒன்றைத் திறங்கள், தமிழில் இரண்டு வரி தட்டுங்கள், பேங்க் பக்கத்துக்குள் போய்விட்டு வாருங்கள், கணக்கு மென்பொருளில் போன வருட அறிக்கையை எடுங்கள். கூடவே, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக ஏற்றிய 11-இல் டிஸ்க் என்கிரிப்ஷன் தானாகவே இறங்கியிருக்கலாம், மேலே சொன்ன 48 இலக்கச் சாவி உங்கள் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள்.

மளிகைக்கடை அண்ணன் கடைசியில் இரண்டு பெட்டி வைத்துக்கொண்டார். பழைய 32-பிட் பெட்டியின் நெட்வொர்க் கேபிளை நானே கழற்றி, யாரும் திரும்பச் செருகாதபடி ஓட்டையில் டேப் ஒட்டிவிட்டேன். அது இன்னமும் மூன்று நிறத் தாளில் பில் அடித்துக்கொண்டிருக்கிறது. பேங்க், வரி, சப்ளையர் ஈமெயில் எல்லாம் மகள் படித்து முடித்துவிட்டு வைத்திருந்த மடிக்கணினியில், அது 8-ஆம் தலைமுறை, 11 ஏறிவிட்டது. போன வாரம் பால் பாக்கெட் வாங்கப் போனபோது மடிக்கணினியைக் காட்டி, “தம்பி, ஸ்டார்ட்டை இந்தப் பக்கம் தள்ளி வச்சிட்டுப் போலா” என்றார்.